சேவல் மார்க் பிளேட்டும் சௌ ஷுவானும்: பினாங்கு வீட்டுப் பெட்டி ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது நடந்தது 2022 கடைசில. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு பழைய கடைவீடு, கீழ ஒரு காலத்துல கோப்பிக்கடை, இப்ப கதவு சாத்தியே கிடக்கு, மேல மாடில மூணு தலைமுறை குடும்பம் இருக்கு. அந்த வீட்டுப் பேத்தி எனக்கு வேலை வழியா பழக்கம். நான் லீவு நாள்ல பழைய தமிழ் கிராமபோன் பிளேட்டுகளை கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கிற ஆளு, பாகவதர், கே.பி. சுந்தராம்பாள்னு பதினஞ்சு வருஷமா இதே வேலைதான், அது அவங்களுக்குத் தெரியும். "எங்க ஆ மாவோட பெட்டி ஒண்ணு இருக்கு, எல்லாம் சீனப் பாட்டு, உங்க மெஷின்ல ஓடுமா"ன்னு கேட்டாங்க. ஹொக்கியன்ங்கற சீன மொழில பாட்டியை ஆ மான்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன், அதனால இங்கயும் ஆ மான்னே எழுதறேன்.

ஆ மாவுக்கு அப்ப 86 வயசு. ரெண்டு மாசத்துல பிறந்தநாள். குடும்பம் கேட்டது ரெண்டு விஷயம். பெட்டில இருக்கற பாட்டுகளை சுத்தமா எடுத்து அன்னைக்கு ஓட விடணும். அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல பாடினது சௌ ஷுவான்ங்கற ஷாங்காய் பாடகி, அவங்க யாரு என்னன்னு பேரப்பசங்களுக்குத் தெரியறதுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரணும். மொத வேலை நான், ரெண்டாவது வேலை நானும் பேத்தியும் சேர்ந்து. ரெண்டுலயும் தப்பு பண்ணினோம். பிளேட்டு மேல பண்ணது ஒரு தப்பு, எழுத்துல பண்ணது இன்னொண்ணு, ரெண்டாவது தப்புதான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. இந்த மாதிரி பெட்டி வேற யார் கைக்காவது வந்தா உதவும்னு முழுசா எழுதி வைக்கறேன்.

பெட்டியைத் திறந்தப்ப பார்த்தது

மொத்தம் 31 பிளேட்டு, எல்லாமே பத்து இஞ்சு, பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம் ஓடறது. ஆறு பிளேட்டு விரிசல். காகித உறை எல்லாம் செல்லரிச்சு தொட்டா பொடிப்பொடியா உதிருது. மாடில தகரக் கூரைக்குக் கீழ இருந்ததால நாலஞ்சு பிளேட்டு சூட்டுல லேசா அப்பளம் மாதிரி வளைஞ்சு போயிருந்தது. சௌ ஷுவான் பேரு போட்டது 11. ஒண்ணுக்கு மட்டும் லேபிள் பாதி கிழிஞ்சு, பாடினவங்க பேரும் பாட்டு பேரும் போய், சேவலோட தலையும் கழுத்தும் மட்டும் மிஞ்சியிருந்தது.

சேவல்னு சொன்னது பாத்தேங்கற பிளேட்டு கம்பெனியோட முத்திரை. நம்ம வீடுகள்ல நாய் மார்க் பிளேட்டுன்னு சொல்லுவோமே, கிராமபோன் குழாய் முன்னாடி நாய் உக்காந்திருக்குமே, சீன வீடுகள்ல அந்த இடத்துல சேவல். 1931ல லண்டன்ல இ.எம்.ஐ. கம்பெனி உருவானப்ப நாய்க்கும் ஷாங்காய் சேவலுக்கும் முதலாளி ஒண்ணாயிட்டாங்க. ஷாங்காய்ல சுஜியாஹுய் பகுதில பாத்தே ஸ்டூடியோ இருந்த சிவப்பு செங்கல் வீடு இன்னும் நிக்குது, இப்ப அது ஒரு பூங்காவுக்குள்ள இருக்கு. அந்தக் காலத்துல பிளேட்டு செய்யற அரக்கு பெரும்பாலும் இந்தியாவுல இருந்துதான் உலகம் பூரா போச்சு, அதாவது ஷாங்காய்ல அந்தம்மா பாடினது நம்ம பக்கத்துக் காட்டுப் பூச்சியோட பிசின்ல பதிஞ்சுதுன்னு சொல்லலாம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஆனா இந்த அரக்குதான் பின்னாடி எனக்குப் பாடம் எடுத்தது.

நான் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுப் பசங்க சூட்கேஸ் மாதிரி மூடற சின்ன பிளேயர் ஒண்ணு வாங்கி ரெண்டு பிளேட்டு போட்டுப் பார்த்திருக்காங்க. தகரக் கூரைல மழை கொட்டற சத்தம்தான் வந்திருக்கு, பிளேட்டு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பிளேட்டு சாகல. அந்த பிளேயர்ல இருக்கறது எல்.பி. பிளேட்டுக்கான மெல்லிசு ஊசி, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற இந்தப் பழைய பிளேட்டோட பள்ளம் அதை விட மூணு மடங்கு அகலம், மெல்லிசு ஊசி பள்ளத்தோட அடில இருக்கற அழுக்குல புரண்டுட்டு ஓடும், பாட்டு இருக்கறது பள்ளத்தோட ரெண்டு பக்கச் சுவர்ல. சரியான ஊசி மாத்திப் போட்டதும் சௌ ஷுவான் குரல் வந்தது, மெல்லிசா, உச்சத்துல, ஒரு நூல் மாதிரி, இரைச்சலுக்குள்ள இருந்து. ஆ மா உள்ள படுத்திருந்தவங்க எழுந்து வந்து வாசல்ல நின்னாங்க. எதுவும் பேசல, நாற்காலி கூட வேணாம்னுட்டாங்க, பாட்டு முடியற வரைக்கும் நிலைப்படியைப் பிடிச்சுட்டு நின்னாங்க.

மொத தப்பு: சுத்தம் பண்ணது

அரக்கு பிளேட்டை ஆல்கஹால் படற எதாலயும் துடைக்கக் கூடாது, அரக்கு அதுல கரைஞ்சுடும். காய்ச்சி வடிச்ச தண்ணி, அதுல ரெண்டு சொட்டு லேசான சோப்பு, லேபிள்ல ஈரம் படாம மெத்துன்னு பிரஷ், நிழல்ல நிமிர்த்தி வெச்சு காய வைக்கறது, இவ்வளவுதான். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். என் மேஜைல ரெண்டு பாட்டில் இருக்கும், ஒண்ணு இந்தத் தண்ணி, இன்னொண்ணு எல்.பி. துடைக்கற ஆல்கஹால் கலவை. ரெண்டும் ஒரே மாதிரி பாட்டில், பேரு ஒட்டல. அன்னைக்கு ராத்திரி ஏழாவது பிளேட்டு எடுத்தப்ப கை தப்பான பாட்டிலுக்குப் போயிடுச்சு.

பஞ்சு கறுப்பா வந்தது. நாப்பது அம்பது வருஷ அழுக்கு வருதுன்னு நெனச்சு இன்னொரு தடவை அழுத்தினேன், அப்பதான் வாசனை அடிச்சது, பாட்டிலைப் பார்த்தேன், கை நின்னு போச்சு. பிளேட்டோட வெளி ஓரத்துல மெல்லிசா ஒரு வளையத்துக்கு பளபளப்பு போய் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பக்கத்துல இருந்தது பாக்கு பறிக்கற பாட்டு. ஹுனான் பக்கத்து நாட்டுப்புற மெட்டை லீ ஜின்குவாங் எடுத்து மாத்தி அமைச்ச பாட்டு அது. ஹுனான்ல ஷியாங்தான் ஊர்க்காரங்க பாக்கு மெல்லறவங்க, உயரமான மரத்துல பாக்கு, யாரு மொதல்ல ஏறறதுன்னு ஒரு பொண்ணும் பையனும் பேசிக்கற மாதிரி வரும், வெத்தலை பாக்கு தெரிஞ்ச நமக்கு மொழி புரியலன்னாலும் மனசுக்குக் கிட்ட வர்ற பாட்டு. அதோட மொத பத்து பன்னெண்டு செகண்டு போச்சு, வாத்திய முன்னிசையில பெரும்பகுதி.

அன்னைக்கு ராத்திரியே பேத்திக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். காலைல சொல்லலாம், ஆறப் போட்டுச் சொல்லலாம்னு எல்லாம் மனசு சொல்லுச்சுதான், ஆனா அடுத்தவங்க வீட்டுப் பொருள், சொல்லாம வெச்சா அடுத்த பிளேட்டைத் தொட எனக்குத் தைரியம் வராது. மிச்ச வேலையை ரெண்டு நாள் நிறுத்தினேன், பாட்டில் ரெண்டையும் மாத்தினேன், அதுக்கப்புறம் பகல்ல மட்டும், ஒரு நாளைக்கு மூணு பிளேட்டுக்கு மேல இல்லன்னு வெச்சுக்கிட்டேன்.

அப்ப ஒரு யோசனை வந்தது, அதே பாட்டு கடைல கிடைக்கற சி.டி. தொகுப்புல இருக்கு, அந்தப் பத்து செகண்டை அங்கிருந்து வெட்டி ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது. பேத்தி சரின்னாங்க. நான் வேண்டாம்னேன். அவங்க கேட்டது ஆ மா வீட்டுப் பிளேட்டோட சத்தம். ஒட்டினதை அதுன்னு சொல்லி கொடுத்தா நாளைக்கு எது நிஜம் எது ஒட்டுன்னு அந்த வீட்டுலயே யாருக்கும் தெரியாது. இரைச்சலை அப்படியே விட்டோம்.

கிழிஞ்ச லேபிள்

பாதி லேபிள் பிளேட்டு ஓடினதும் மூத்த மகன், ஓய்வு பெற்ற வாத்தியார், சந்தேகமே இல்லாம "இது தெரசா டெங் பாட்டு"ன்னாங்க. நீங்க எப்ப திரும்பி வருவீங்கன்னு கேக்கற அந்தப் பாட்டு 1980கள்ல கேசட்டுல தெரசா டெங் குரல்லதான் வீட்டுக்கு வீடு ஓடுச்சு, அதனால அவங்க சொன்னதுல தப்பில்ல. ஆனா தெரசா டெங் பிறந்ததே 1953ல, அவங்க பாட வந்து பேரு எடுத்த காலத்துல அரக்கு பிளேட்டோட காலம் முடிஞ்சு போச்சு. இந்தப் பாட்டு 1937ல ஒரு படத்துக்காக சௌ ஷுவான் பாடினது, மெட்டு லியூ ஷுவேஆன். அதுக்கப்புறம் லீ ஷியாங்லானும் பாடியிருக்காங்க. லீ ஷியாங்லான் கதை தனியா ஒரு கட்டுரைக்கு ஆகும், மஞ்சூரியாவுல பிறந்த ஜப்பான்காரங்க, சீனப் பேர்ல பாடி நடிச்சவங்க, போர் முடிஞ்சதும் தேசத்துரோகின்னு வழக்கு, ஜப்பான் குடும்பப் பதிவேட்டைக் காட்டி தான் சீனப் பிரஜையே இல்லன்னு நிரூபிச்சு 1946ல தப்பிச்சு ஊர் போய்ச் சேர்ந்தாங்க.

ரெண்டு பேர்ல யாருன்னு காதால மட்டும் முடிவு பண்ணக் கூடாதுன்னு நெனச்சேன். மொதல்ல வேகம். பியானோ சுருதியோட ஒட்டிப் பார்த்தா ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது, அதாவது என் மெஷின் வேகம் கொஞ்சம் கூட இருக்கு, ஆறு சதவீதம் கூடினா கிட்டத்தட்ட அரை சுருதி ஏறிடும், குரல் ஏற்கனவே உச்சத்துல இருக்கறவங்களை இன்னும் மெல்லிசா, பொம்மை மாதிரி காட்டிடும். அதைச் சரி பண்ணினதும் சௌ ஷுவானோட பழைய பதிவை மறுவெளியீடு பண்ண சி.டி.யை பக்கத்துல வெச்சு அலை வடிவத்தைப் பொருத்திப் பார்த்தேன். மூச்சு எடுக்கற இடம், வயலின் சறுக்கற இடம் எல்லாம் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தது. அதே பதிவுதான்.

மூணு நாள் வேலை அது. அதை முடிச்சு சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஓட விட்டா ஆ மா ரெண்டாவது வரி வர்றதுக்குள்ள "சௌ ஷுவான்"ன்னாங்க. ஏன் மொதல்லயே அவங்க கிட்ட கேக்கலன்னா, மிச்சப் பாட்டெல்லாம் அவங்களுக்கு பிறந்தநாள் ஆச்சரியமா இருக்கட்டும்னு வீட்டுல சொல்லி வெச்சிருந்தாங்க. அது எப்படிப்பட்ட தப்புன்னு அப்ப எங்களுக்கு உறைக்கல.

வாழ்க்கைக் குறிப்பு எழுதினது

எழுதறதுக்கு உக்காந்தப்ப மொத வரியிலயே சிக்கல். பிறந்த வருஷம் சில இடத்துல 1918, பல இடத்துல 1920. ஏன் இப்படின்னா அவங்களுக்கே தெரியாது. ஜியாங்சு மாகாணத்துல சாங்சோ ஊர், சூ ங்கற குடும்பம், வெச்ச பேரு சூ பூ. மூணு வயசுல அபின் பழக்கம் இருந்த மாமா ஒருத்தர் தூக்கிட்டுப் போய் ஜின்தான்ல ஒரு வாங் குடும்பத்துக்கு வித்துட்டாரு, பேரு வாங் ஷியாவ்ஹோங் ஆச்சு. அங்கிருந்து கை மாறி ஷாங்காய்ல சௌ குடும்பத்துக்கு வந்து சௌ ஷியாவ்ஹோங். சீனப் பிரதமரா இருந்த சௌ என்-லாய் பேர்ல வர்ற அதே சௌதான். 1941ல அவங்களே ஒரு கட்டுரைல, ஆறு வயசுக்கு அப்புறம் நான் சௌ வீட்டுப் பொண்ணு, அதுக்கு முன்னாடி என் அப்பா அம்மா யாருன்னு எனக்குத் தெரியாதுங்கற பொருள்ல எழுதியிருக்காங்க. கடைசி வரைக்கும் தேடினாங்க. பெத்தவங்க யாருன்னு வெளிய வந்தது அவங்க இறந்த பிறகுதான்.

பதினோரு பன்னெண்டு வயசுல லீ ஜின்ஹுய் நடத்தின மிங்யுவே ஆடல் பாடல் குழுவுல சேர்ந்தாங்க. சீன மெல்லிசைக்கே தகப்பன்னு சொல்லப்படறவர் அவர், மேல சொன்ன லீ ஜின்குவாங்குக்கு அண்ணன். அங்க ஒரு மேடைப் பாட்டுல போர்க்களத்துல எதிரியோட மோதறதைச் சொல்ற வரில "சௌஷுவான்"னு ஒரு சொல் வரும், மோதறது, சுத்தி வளைச்சுப் போராடறதுன்னு அர்த்தம். இவங்க குடும்பப் பேரும் சௌதானேன்னு லீ ஜின்ஹுய் அதையே பேரா வெச்சுட்டாரு. பின்னாடி ரெண்டாவது எழுத்துக்குப் பக்கத்துல மணிக்கல்லைக் குறிக்கற சின்ன குறி சேர்ந்து ரத்தினம்ங்கற மாதிரி பொருள் வர ஆரம்பிச்சது. ஒரு பொண்ணுக்கு நாலாவது பேரு, இது மட்டும்தான் அவங்க தொழில்ல சம்பாதிச்ச பேரு.

1934ல ஷாங்காய் மாலைப் பத்திரிகை ஒண்ணு ரேடியோ பாடகிகளுக்கு வாசகர் ஓட்டுப் போட்டி வெச்சது. மொத இடம் பை ஹோங், ரெண்டாவது சௌ ஷுவான். தங்கக் குரல்ங்கற பட்டம் அந்தக் காலத்துல இருந்துதான் ஒட்டிக்கிச்சு. பெரிய அரங்கத்துல மைக் இல்லாம நிக்கற குரல் இல்ல அது. மைக்குக்குப் பக்கத்துல நின்னு மெதுவா பாடினா அந்த மெதுவே ஊர் பூரா போய்ச் சேரும்னு ரேடியோவும் பிளேட்டும் வந்த பிறகுதான் இப்படி ஒரு குரலுக்கு இடம் கிடைச்சது. பழைய சீன நாடகப் பாட்டோட உச்சம், ஆனா கத்தல் இல்ல, காதுக்குள்ள பேசற மாதிரி. இந்த ஒரு விஷயத்தை நான் குறிப்புல ரெண்டு பத்தி எழுதி பேத்தி ஒரு பத்தியா வெட்டினாங்க.

1937ல யுவான் மூச்சி எடுத்த தெருத் தேவதைங்கற படம். சாவ் தான் ஜோடி. டீக்கடைல பாடற வளர்ப்புப் பொண்ணு, வளர்க்கறவங்களே ஒரு ரவுடிக்கு விக்கப் பாக்கறாங்க, அந்தப் பாத்திரத்தோட பேரு ஷியாவ்ஹோங். இவங்க விட்டுட்டு வந்த பழைய பேரே! அதுல ஹே லூதிங் இசைல, சீன தேசிய கீதம் எழுதின தியென் ஹான் வரிகள்ல, நாலு பருவத்தைப் பத்தின பாட்டும் நாடோடிப் பாடகி பாட்டும். ஆ மா பெட்டில நாடோடிப் பாடகி ரெண்டு பிரதி இருந்தது, ஒண்ணு தேய்ஞ்சு வெளுத்துப் போய், இன்னொண்ணு கிட்டத்தட்ட புதுசா.

அதுக்கப்புறம் போர். குழுவுல கூடப் பாடின யென் ஹுவாவை 1938ல கல்யாணம், 1941ல பிரிவு. ஜப்பான் படை சுத்தி நிக்க நடுவுல வெளிநாட்டுக் குடியிருப்பு மட்டும் தனித்தீவா மிஞ்சின ஷாங்காய்ல வரிசையா படம். போர் முடிஞ்சு ஹாங்காங். அங்க எடுத்த ஒரு படத்துக்காக சென் கேஷின் இசைல ஷாங்காய் ராத்திரிகளைப் பத்தின பாட்டும், பூத்துக் குலுங்கற வருஷங்கள்ங்கற பாட்டும் வந்தது, ரெண்டாவது பாட்டோட பேரைத்தான் ஹாங்காங் டைரக்டர் வோங் கர்-வாய் 2000ல தன் படத்துக்குச் சீனத் தலைப்பா எடுத்தாரு. 1948ல அரண்மனைத் துயரத்தைச் சொல்ற படத்துல பேரரசரோட துணைவி சென்ங்கற பாத்திரத்துல நடிச்சாங்க. மொத்தம் நாப்பதுக்கு மேல படம், இருநூறுக்கு மேல பாட்டு. அந்தக் கால ஷாங்காயோட ஏழு பெரும் பாடகிகள்னு சொல்ற வரிசைல மொத பேரு இவங்களுது.

எதை விடறதுன்னு வந்த பேச்சு

மிச்சம் இருந்தது கடைசி ஏழு வருஷம். நம்பின ஒரு வியாபாரி காசையும் எடுத்துட்டு கை விட்டுட்டாரு, 1950ல கைக்குழந்தையோட ஷாங்காய் திரும்பினாங்க, 1951ல ஒரு படப்பிடிப்புக்கு நடுவுல மனநிலை உடைஞ்சு போச்சு, அப்புறம் வருஷக்கணக்கா ஆஸ்பத்திரி. 1957ல தேறி வர்ற மாதிரி இருந்தது, அந்த நேரத்துல மூளைக் காய்ச்சல் வந்து செப்டம்பர் 22 அன்னைக்குப் போய்ட்டாங்க. நாப்பது கூட ஆகல. அவங்களுக்கு இசை போட்ட சென் கேஷின் வலதுசாரின்னு முத்திரை குத்தப்பட்டு உழைப்பு முகாம்ல 1961ல இறந்தாரு. அவங்க பாட்டுகளையே மஞ்சள் இசைன்னு ஒதுக்கினாங்க, நம்ம மஞ்சள் பத்திரிகைன்னு சொல்றோமே அதே மஞ்சள். பாத்தே 1952ல ஹாங்காங்குக்குப் போயிடுச்சு.

வாத்தியார் மகன் இந்தப் பகுதியே வேண்டாம்னாங்க, பிறந்தநாள் அன்னைக்கு ஆஸ்பத்திரியும் சாவும் எதுக்கு, அம்மா கஷ்டப்படுவாங்கன்னு. பேத்தி முழுசா போடணும்னாங்க. ரெண்டு பேரும் சொன்னதுல ஞாயம் இருந்தது. நான் சொன்னது, விட்டுட்டா 1949ல பாட்டை நிறுத்திட்டு எங்கயோ சுகமா இருந்தாங்கன்னு படிக்கறவங்க நெனப்பாங்க, அது பொய் மாதிரிதான். நோய் பேரு ஆராய்ச்சி எல்லாம் இல்லாம, பரிதாபச் சொல் எதுவும் சேர்க்காம, நடந்ததை மூணு வரில வருஷத்தோட வெச்சோம். பிறந்த வருஷம் ரெண்டையும் போட்டோம்.

இவ்வளவு யோசிச்சவங்க மொத வரியை யோசிக்கல. படிக்கறவங்களுக்கு சுலபமா இருக்கட்டும்னு "சௌ ஷுவான் ஒரு அநாதை"ன்னு ஆரம்பிச்சிருந்தோம்.

அன்னைக்கு நடந்தது

பிறந்தநாள் சாயங்காலம். கீழ கோப்பிக்கடை கதவை அன்னைக்குத் திறந்து பளிங்கு மேஜைகளைத் துடைச்சுப் போட்டிருந்தாங்க, கடை வாசல் நடைபாதையான அஞ்சடிப் பாதைல போறவங்க நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. பேத்தி குறிப்பை ஹொக்கியன்ல சொல்ல ஆரம்பிச்சாங்க. மொத வரி முடிஞ்சதும் ஆ மா கையைத் தூக்கினாங்க. ஹொக்கியன்ல என்னமோ சொன்னாங்க, அப்புறம் எனக்கும் புரியணும்னு என் பக்கம் திரும்பி மலாய்ல சொன்னாங்க, "தம்பி, அனாக் யாத்திம் இல்ல. காசி ஓராங்." அநாதை இல்ல, ஆளுங்க கிட்ட கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம்.

அநாதைன்னா பெத்தவங்க செத்துட்டாங்கன்னு தெரியும், சமாதிக்குப் போய் ஊதுவத்தி ஏத்தலாம்னாங்க. கொடுத்துட்டா எங்கயோ இருக்காங்க, தெருவுல எதிர்ல கூட வரலாம், தெரியாதுன்னாங்க. அப்புறம் ரொம்ப சாதாரணமா, தானும் அப்படித்தான், நாலு வயசுல இந்தக் கோப்பிக்கடை வீட்டுக்குக் கொடுத்தாங்க, கொடுத்தவங்க பேரு தெரியாதுன்னு சொன்னாங்க. மகனுக்கு 60 வயசுக்கு மேல, அவருக்கே அன்னைக்குத்தான் தெரியும். அந்த மேஜைக்கிட்ட யாரும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கல.

எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்தது. எங்க பெரியம்மா ஒருத்தங்க சீனப் பொண்ணு, கைக்குழந்தையா எங்க தாத்தா வீட்டுக்கு வந்தவங்க, பூவும் பொட்டும் தமிழும் தவிர வேற எதுவும் தெரியாதவங்க. மலாயாவுல தமிழ் வீடுகள்ல அப்படி வளர்ந்த சீனப் பொண்ணுங்க நிறைய பேரு. அவங்களை அநாதைன்னு யாராவது சொன்னா நான் விட்டிருக்க மாட்டேன். ஷாங்காய் பாடகின்னதும் அந்த வித்தியாசம் என் கைக்கு வரல.

கடைசி மூணு வரியைப் பத்தித்தான் எங்களுக்கு பயம் இருந்தது. ஆ மா அதை அமைதியா கேட்டாங்க, அது அவங்களுக்குப் புதுசே இல்ல. 1957ல மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, கட்டின கொடியெல்லாம் கடைத்தெருவுல இன்னும் இறக்காத நேரம், அவங்களுக்கு 21 வயசு, பேப்பர் படிக்கற வாடிக்கைக்காரர் ஒருத்தர் சத்தமா சொன்னாராம், அன்னைக்கு கடைல கிராமபோன் வெக்கலியாம். அந்த கிராமபோனுக்கு எதிர்ல கப்பு கழுவித்தான் மாண்டரின் கத்துக்கிட்டாங்களாம், ஸ்கூலுக்கு அனுப்பல, சௌ ஷுவான் பாட்டு ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணி வாடிக்கைக்காரங்க கிட்ட அர்த்தம் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. நாடோடிப் பாடகி பிளேட்டு தேய்ஞ்சு போனதும் சொந்தக் காசுல ரெண்டாவது வாங்கி அதை ஓட்டாம வெச்சுட்டாங்க. ரெண்டு பிரதி எப்படின்னு நான் ரெண்டு மாசமா யோசிச்சதுக்கு பதில் அது.

அதுக்கப்புறம்

குறிப்பை மறுநாளே திருத்தினோம். மொத வரில இப்ப, மூணு வயசுல பெத்தவங்க கிட்ட இருந்து எடுத்துட்டுப் போய் வித்தாங்க, அவங்களை இறக்கற வரைக்கும் தேடினாங்கன்னு இருக்கு. வாத்தியார் மகன் அம்மாவை உக்கார வெச்சு நாலு ஞாயித்துக்கிழமை பேச விட்டு போன்ல பதிவு பண்ணினாங்க, ஒவ்வொரு பாட்டும் எந்த வருஷம் யாரு மூலமா பெட்டிக்கு வந்ததுன்னு அதுல இருக்கு. கிழிஞ்ச லேபிள் பிளேட்டு எப்படிக் கிழிஞ்சதுன்னும் இருக்கு, ஆனா அது குடும்ப விஷயம், எழுத மாட்டேன்.

25 பிளேட்டு முழுசா எடுத்தாச்சு. விரிசல் விட்ட ஆறுல ரெண்டை மட்டும் ஓட்ட முடிஞ்சது, மிச்சத்தை ஓட்டினா உடையும்னு விட்டுட்டோம். துடைக்காத மூலப் பதிவு ஒண்ணு, இரைச்சல் குறைச்ச பிரதி ஒண்ணுன்னு தனித்தனியா கொடுத்திருக்கேன். இரைச்சலை ரொம்பக் குறைச்சா அவங்க குரலோட மேல் ஓரமும் சேர்ந்து போயிடுது, அந்த ஓரம்தான் சௌ ஷுவான், அதனால பாதியில நிறுத்திட்டேன்.

இனிமே எப்படிப் பண்ணுவேன்

பாட்டில்ல பேரு ஒட்டறது, 78 வேலை நடக்கறப்ப ஆல்கஹால் அந்த அறைக்குள்ளயே வரக் கூடாதுங்கறது, இதெல்லாம் சொல்லவே வேண்டாம். பெருசா மாத்தறது வேற. பெட்டிக்கு சொந்தக்காரங்க உயிரோட இருந்தா முதல் நாளே அவங்களை பெட்டி பக்கத்துல உக்கார வெச்சுடுவேன், ஆச்சரியம் எல்லாம் கேக் வெட்டறப்ப வெச்சுக்கட்டும். ஒவ்வொரு பிளேட்டையும் கைல கொடுத்துட்டு அவங்க சொல்றதை எல்லாம் பதிவு பண்ணிட்டுத்தான் ஊசியை வெப்பேன், மூணு நாள் அலை வடிவம் பார்த்ததை அப்பவும் பார்ப்பேன், ஆனா ரெண்டாவதா. வாழ்க்கைக் குறிப்பை வேற யாருக்கும் முன்னாடி அவங்களுக்குத்தான் படிச்சுக் காட்டணும், கஷ்டமான பகுதியை மட்டும் இல்ல, சுலபம்னு நாம தாண்டிப் போற வரியையும்.

பிளேட்டுகளை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமான்னு இப்ப வீட்டுல பேச்சு ஓடுது. ஆ மா 30ஐ எடுத்துக்கச் சொல்லிட்டு ஒண்ணை மட்டும் தலைமாட்டுல வெச்சிருக்காங்க, நான் கெடுத்த பாக்கு பாட்டு பிளேட்டு. போன மாசம் போனப்ப அதை ஓட விடச் சொன்னாங்க. சாம்பல் பூத்த அந்த ஓரத்துல ஊசி சர்ருன்னு இரைஞ்சுட்டுப் போறப்ப, போன முன்னிசையை அவங்களே தாளம் தப்பாம முனகினாங்க, சௌ ஷுவான் குரல் வந்ததும் நிறுத்திட்டாங்க.